பூமியின் நடுவைக் கண்டறிந்த இங்கே லேமன் அம்மையார்

புவியோடு, மென்மூடி, வெளி அகணி, உள் அகணி. புவியியல் வகுப்பிலே ஒரு பெரிய வட்டம் கீறி, வட்டத்துக்குள் வட்டமாக நான்கு நிறம் தீட்டி, இந்த நான்கு பெயர்களையும் மனனம் செய்தவர்கள்தான் நாம் எல்லோரும். அந்தப் படத்தின் நடுவில் இருக்கும் கடைசி வட்டத்தை உலகுக்கு முதன்முதலாக எடுத்துக் காட்டியவர் ஒரு பெண் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பழைய மாணவிகளின் மலர் ஒன்றில் எழுதப்படவேண்டிய வாழ்க்கை அவருடையது. ஏனென்றால், அந்த வாழ்க்கையில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

அவர் டென்மார்க் நாட்டைச் சேர்ந்த இங்கே லேமன். அவருடைய பெயரைத் தமிழில் எழுதினால் இவ்விடம் என்ற பொருள் வந்து குழப்பிவிடும். ஆகையால் லேமன் அம்மையார் என்றே குறிப்பிடுகிறேன்.

1888 ஆம் ஆண்டு மே மாதம் 13 ஆம் திகதி கோபன்ஹேகன் நகரில் அவர் பிறந்தார். தந்தையார் அல்பிரட் லேமன், கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் பரிசோதனை உளவியலை வளர்த்த அறிஞர். மகளை அவர்கள் சேர்த்த பாடசாலை அக்காலத்தில் அதிசயமானது. அதை 1893 இல் நிறுவியவர் ஹன்னா அட்லர். டென்மார்க்கில் பௌதிகவியலில் முதுமாணிப் பட்டம் பெற்ற முதற் பெண்களில் ஒருவர் அவர். அணுவின் அமைப்பை ஆராய்ந்து நோபல் பரிசு பெற்ற நீல்ஸ் போரின் தாயாருடைய சகோதரி. ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் ஒரே வகுப்பில் அமர்ந்து ஒரே பாடத்தைப் படித்தார்கள். பெண்பிள்ளைகள் உதைபந்தாடினார்கள், ஆண்பிள்ளைகள் ஊசியும் நூலும் எடுத்துத் தைத்தார்கள். ஆணின் மூளை வேறு, பெண்ணின் மூளை வேறு என்ற பேச்சே அந்த வளவுக்குள் எழவில்லை. வெளியுலகம் அப்படி இல்லை என்பதைப் பிற்காலத்தில் கண்டபோது தமக்கு ஏமாற்றமாக இருந்ததென்று அம்மையார் முதுமையில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

கணித வகுப்பு அவருக்கு மிக இலகுவாக இருந்தது. அலுப்படைந்திருந்த மாணவியைக் கண்ட ஆசிரியர் தனியாகக் கடினமான கணக்குகள் கொடுத்தார். பெற்றோருக்கு அது பிடிக்கவில்லை. மெலிந்த பிள்ளை, மேலதிக வேலையைத் தாங்கமாட்டாள் என்று எண்ணினார்கள். வேலை போதாமல்தான் பிள்ளை வாடுகிறாள் என்பது அவர்களுக்குப் புரியவில்லை.

பதினைந்து பதினாறு வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வீட்டிலே தாயாரோடும் தங்கையோடும் இருந்தபோது தரை அசைந்ததையும் தொங்குவிளக்கு ஊசலாடியதையும் அவர் கண்டார். டென்மார்க்கில் புவிநடுக்கம் மிக அரிது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு அவருடைய வாழ்க்கையில் அந்த விடயம் தலைகாட்டவேயில்லை.

1907 இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயிலத் தொடங்கினார். 1910 இல் இங்கிலாந்து சென்று கேம்பிறிட்ஜ் நியூன்ஹாம் கல்லூரியில் சேர்ந்தார். ஆண்களோடு சமமாகப் பழகி வளர்ந்தவருக்கு, அங்கே பெண் மாணவிகள் எப்படி நடக்கவேண்டும், யாரோடு பேசலாம் என்பதற்கெல்லாம் இருந்த கட்டுப்பாடுகள் வியப்பைத் தந்தன. பெண்கள் பரீட்சையில் சித்தியடைந்தாலும் பல்கலைக்கழகம் முழுமையான பட்டம் வழங்காத காலம் அது. 1948 வரை கேம்பிறிட்ஜில் அந்த நிலைதான் இருந்தது. கடுமையாகப் படித்ததில் உடலும் மனமும் சோர்ந்து, 1911 இன் இறுதியில் படிப்பை இடைநிறுத்தி நாடு திரும்பினார்.

அதன்பின் 1918 வரை காப்புறுதிக் கணிப்பாளர் அலுவலகம் ஒன்றில் வேலை. ஆயுட்காப்புறுதிக்கான அட்டவணைகளைக் கூட்டிக் கழித்து ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வேலை அது. வீணாய்ப்போன ஆண்டுகள் என்று சிலர் எழுதுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆயிரக்கணக்கான இலக்கங்களுக்குள் எது நம்பத்தக்கது, எது பிழையாக எழுதப்பட்டது என்று கண்டுகொள்ளும் பழக்கம் பின்னால் எவ்வளவு பயன்பட்டது என்பதை நாம் பார்க்கப்போகிறோம். மீண்டும் பல்கலைக்கழகம் சென்று 1920 இல், 32 வயதில், பட்டம் பெற்றார்.

1925 இல் டென்மார்க்கின் நில அளவைப் பணிகளுக்குப் பொறுப்பாயிருந்த கணிதப் பேராசிரியர் நீல்ஸ் எறிக் நோர்லுண்ட் அவரை உதவியாளராக எடுத்தார். டென்மார்க்கிலும் பனிமூடிய கிறீன்லாந்திலும் புவிநடுக்கப் பதிவு நிலையங்களை அமைப்பது வேலை. உடன் வேலை செய்த மூன்று இளைஞர்களும் அதற்குமுன் ஒரு பதிகருவியைக்கூடக் கண்டதில்லை. கிறீன்லாந்தின் ஸ்கோர்ஸ்பிசுண்ட் நிலையம், வருடத்தின் பெரும்பகுதியில் கப்பல் அணுகமுடியாத பனிக்கடற்கரையில் இருந்தது. அம்மையார் நூல்களைத் தேடித் தாமாகவே படித்தார். 1927 இல் ஜேர்மனி, பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து நிலையங்களைச் சுற்றிப் பார்த்தார். ஜேர்மனியில் பெனோ குற்றன்பேர்க் என்ற பேரறிஞரோடு ஒரு மாதம் தங்கிக் கற்றார். 1928 இல் முதுமாணிப் பட்டமும் கிடைத்தது. புவியளவை நிறுவகத்தின் புவிநடுக்கப் பிரிவுக்குத் தலைவராகவும் நியமிக்கப்பட்டார். அடுத்த 25 ஆண்டுகளில் பெரும்பகுதி, டென்மார்க்கில் அந்தத் துறைக்கு அவர் ஒருவர்தான்.

இனி அவருடைய கண்டுபிடிப்புக்கு வரவேண்டும். அதற்குமுன் சிறிது விஞ்ஞானம். விட்டுப்போன பாடத்தை மீட்டுக்கொள்வோம்.

பலாப்பழத்தை வெட்டாமலே அது பழுத்துவிட்டதா என்று எப்படி அறிகிறோம்? தட்டிப் பார்க்கிறோம். உள்ளே எப்படி இருக்கிறதோ அப்படித்தான் ஓசை வரும். பூமியின் மேற்பரப்பிலிருந்து மையம்வரை 6,371 கிலோமீற்றர். மனிதன் துளைத்த மிக ஆழமான துளை, ரஷ்யாவின் கோலா குடாநாட்டில், 12 கிலோமீற்றரைச் சிறிது தாண்டியதோடு நின்றுவிட்டது. அது பழத்தின் தோலைக்கூடத் தாண்டவில்லை. எனவே தட்டித்தான் பார்க்கவேண்டும். தட்டுவதற்கு எமக்குப் பலமில்லை, புவிநடுக்கம் தட்டுகிறது.

புவியோடு பல பெருந்தகடுகளாக உடைந்து, ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் அளவில் நகர்ந்துகொண்டிருக்கிறது. தகடுகள் ஒன்றையொன்று உரசும் இடங்களில் பாறைகள் இலகுவில் வழுக்குவதில்லை. உராய்வினால் இறுகிப் பிடித்துக்கொள்கின்றன. ஆனால் தள்ளுதல் நிற்பதில்லை. பாறை வில்லைப்போல வளைகிறது. நூறோ ஆயிரமோ ஆண்டுகளுக்குப்பின் பிடி விடுபட்டு, பிளவு வழியே இரு பக்கமும் ஒரு நொடியில் விலகி நிமிர்கின்றன. அந்தப் பிளவைத்தான் பிளவுப்பெயர்ச்சி என்கிறோம். சேர்த்துவைத்த சக்தி அலைகளாக எல்லாத் திசைகளிலும் ஓடுகிறது.

அலைகளில் முதலில் வருவது முதன்மை அலை. ஆங்கில எழுத்தால் பி அலை என்பர். ஒலியைப்போல, துணிக்கைகளை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டு செல்லும் நெட்டாங்கு அலை அது. திண்மத்திலும் செல்லும், திரவத்திலும் செல்லும். இரண்டாவதாக வரும் எஸ் அலை, கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்து உதறினால் ஓடுவதுபோன்ற குறுக்கலை. திரவத்துக்குள் அது செல்லாது. மேற்புறப் பாறைகளில் முன்னது செக்கனுக்கு ஏறக்குறைய 6 கிலோமீற்றரும் பின்னது 3.5 கிலோமீற்றரும் ஓடும். மின்னலுக்கும் இடிக்கும் இடையிலுள்ள நேரத்தை எண்ணித் தூரத்தைச் சொல்வதுபோல, இவ்விரண்டுக்கும் இடையிலான ஒவ்வொரு செக்கனுக்கும் ஏறக்குறைய 8 கிலோமீற்றர் என்று கணக்கிட்டு, அண்மையில் நடந்த நடுக்கம் எவ்வளவு தூரத்தில் நடந்தது என்று சொல்லிவிடலாம்.

அலைகளின் பயணநேரத்தை உலகெங்கும் ஒப்பிட்டபோதுதான் பூமியின் உட்புறம் தெரியத் தொடங்கியது. இந்தியப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தில் பணியாற்றியவரும் 1897 அசாம் பெருநடுக்கத்தை ஆராய்ந்தவருமான றிச்சட் ஓல்ட்ஹாம், பூமிக்குள் அலையின் வேகத்தைக் குறைக்கும் ஓர் அகணி உண்டென்று 1906 இல் காட்டினார். அது 2,900 கிலோமீற்றர் ஆழத்தில் தொடங்குகிறது என்று குற்றன்பேர்க் கணித்தார். எஸ் அலை அதைக் கடந்து வராததையும் வேறு சான்றுகளையும் சேர்த்து, அது திரவம் என்று 1926 இல் கேம்பிறிட்ஜ் அறிஞர் ஹரோல்ட் ஜெப்ரிஸ் நிறுவினார்.

திரவ அகணிக்குள் நுழையும் பி அலை, கண்ணாடி வில்லைக்குள் நுழையும் ஒளிபோல முறிவடைந்து உள்நோக்கி வளைகிறது. அதனால், நடுக்கம் நிகழ்ந்த இடத்திலிருந்து ஏறக்குறைய 104 பாகைக்கும் 142 பாகைக்கும் இடைப்பட்ட தூரத்தில், பூமியைச் சுற்றி ஒரு வளையம்போன்ற பகுதிக்கு நேரடியாகப் பி அலை வந்துசேராது. இதுவே நிழல் வலயம். அங்கேயுள்ள கருவிகளில் அந்த அலை தெரியவே கூடாது. ஆனால் மெலிதாகத் தெரிந்துகொண்டிருந்தது! அகணியின் விளிம்பைச் சுற்றிக் கசிந்து வரும் அலையாக இருக்கலாம் என்று பெரியவர்கள் விளக்கம் சொல்லி அமைதியடைந்தார்கள். அம்மையார் அமைதியடையவில்லை.

1929 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 17 ஆம் திகதி நியூசிலாந்தின் மேர்ச்சிசன் பகுதியில் பெரிய நடுக்கம் ஒன்று நிகழ்ந்தது. 17 பேர் இறந்தனர். பிளவு குறுக்கறுத்த இடத்தில் ஒரு வீதி 4.5 மீற்றர் உயர்ந்து நின்றது. நியூசிலாந்து ஐரோப்பாவுக்குப் பூமியின் மறுபக்கம். அங்கிருந்து கோபன்ஹேகனுக்கு வரும் அலை பூமியின் அடிவயிற்றைக் கடந்துதான் வரவேண்டும். சோவியத் நாட்டின் சுவேர்ட்லொவ்ஸ்க், இர்க்குட்ஸ்க் நிலையங்களோ சரியாக நிழல் வலயத்தில் இருந்தன. அவற்றின் பதிவுகளில், இருக்கக்கூடாத அந்த அலை தெளிவாக இருந்தது.

நிலையங்கள் அச்சிட்டு அனுப்பும் நேர அட்டவணைகளை மட்டும் நம்பாமல், மூலப் பதிவுகளைத் தபாலில் தருவித்துத் தம் கண்ணாலேயே வாசிப்பது அம்மையாரின் வழக்கம். எந்த நிலையத்தின் கடிகாரத்தை நம்பலாம், எந்தக் கருவி மெல்லிய அசைவைக் காட்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கணினி இல்லாத காலம். ஒவ்வொரு நடுக்கத்துக்கும் ஒவ்வொரு நிலையத்துக்கும் தனித்தனி அட்டைகள். அட்டைகளை அடுக்கிவைக்க, ஓட்ஸ் வந்த வெற்றுக் கடதாசிப் பெட்டிகள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுத் தோட்டத்துப் புல்தரையில் பெரிய மேசை போட்டு, அந்தப் பெட்டிகளைப் பரப்பிக்கொண்டு அமர்ந்திருந்த காட்சியை அவருடைய உறவினர் ஒருவர் நினைவுகூர்ந்திருக்கிறார். எமது அம்மாமார் பிஸ்கற் ரின்களை வைத்து என்னென்ன செய்தார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவருடைய வாதம் வியக்கத்தக்க எளிமையுடையது. முதலில் பூமியை ஒரு பாடசாலைக் கணக்காக மாற்றினார். மென்மூடியில் எங்கும் செக்கனுக்கு 10 கிலோமீற்றர், அகணியில் எங்கும் 8 கிலோமீற்றர் என்று வைத்தார். உண்மையில் வேகம் ஆழத்தோடு மாறும். ஆனால் இப்படி வைத்தால் அலைகள் நேர்கோட்டில் செல்லும், எல்லைகளில் மட்டும் முறியும். உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி பின்தொடரக்கூடிய கேத்திரகணிதம்தான். அடுத்து, அகணியின் நடுவே இன்னொரு சிறிய கோளத்தை வைத்து, அதற்குள் வேகம் மீண்டும் கூடுகிறது என்று கொண்டார். இப்போது அலைகளில் சில அந்தச் சிறு கோளத்தில் பட்டு வெளிநோக்கித் திரும்பி, நிழல் வலயத்துக்குள்ளேயே வந்து விழுந்தன. வந்துசேரும் நேரமும் பதிவுகளோடு பொருந்தியது. கோளத்தின் ஆரை ஏறக்குறைய 1,400 கிலோமீற்றர் என்று மதிப்பிட்டார். இன்றைய நவீன அளவீடு 1,220 கிலோமீற்றருக்கு அண்மை. பென்சிலும் அட்டையும் கொண்டு செய்த கணக்குக்கு இது சாதாரண நெருக்கமா?

1936 இல் வெளிவந்த அக்கட்டுரையின் தலைப்பு ஒரே ஓர் எழுத்து: ஆங்கிலப் பி, அதன் தலைமாட்டில் ஒரு சிறு கோடு. அகணியைக் கடந்து வரும் அலைக்கு அக்காலக் குறியீடு அது. விஞ்ஞான வரலாற்றிலேயே மிகக் குறுகிய தலைப்புகளில் ஒன்றாக இருக்கவேண்டும். 1938 அளவில் குற்றன்பேர்க்கும் றிச்ரரும் அவருடைய உள் அகணியை ஏற்றுக்கொண்டார்கள். பல ஆண்டுகளாக அவரோடு கடிதத்தொடர்பு வைத்திருந்த ஜெப்ரிஸ் தயங்கி, 1939 இல் ஏற்றார்.

மறு ஆண்டு ஜேர்மனியப் படைகள் டென்மார்க்கைக் கைப்பற்றின. நிலையங்களுக்கிடையே தபால் போக்குவரத்து ஒடுங்கியது. மூலப் பதிவுகள் இல்லாவிட்டால் அவருக்கு வேலையே இல்லை. அந்த ஆண்டுகளை எப்படிக் கடந்திருப்பார் என்று எண்ணிப் பார்க்கவேண்டியதுதான். போரின் பின் 1950 இல் ஐரோப்பிய புவிநடுக்கவியல் சம்மேளனத்தின் முதல் தலைவராகத் தெரிவுசெய்யப்பட்டார். ஆனால் 1952 இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் புவிப்பௌதிகவியல் பேராசிரியர் பதவிக்கு அவருடைய பெயர் பேசப்பட்டும் பதவி கிடைக்கவில்லை. பூமியின் மையத்தைக் கண்டவருக்கு 64 வயதிலும் தம் சொந்த நகரில் ஒரு பேராசிரியர் நாற்காலி இல்லை. ஹன்னா அட்லரின் பாடசாலையில் எழாத பேச்சு அதற்கு வெளியே எங்கும் இருந்துகொண்டிருந்தது.

1953 இல் ஓய்வு பெற்றார். ஓய்வு என்பது பெயருக்குத்தான். நிர்வாகச் சுமை நீங்கியதும், அமெரிக்காவில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் லமொன்ற் ஆய்வுகூடத்துக்கு அடிக்கடி சென்று மாதக்கணக்கில் தங்கி ஆராய்ந்தார். மென்மூடியில் ஏறக்குறைய 220 கிலோமீற்றர் ஆழத்தில் அலைவேகம் திடீரென மாறும் ஓர் எல்லையை அவர் எடுத்துக்காட்டினார். அதற்கு இன்று லேமன் எல்லை என்றே பெயர். கௌரவங்கள் பிந்தி, ஆனால் வரிசையாக வந்தன. 1968 இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகம் கௌரவ கலாநிதிப் பட்டம் அளித்தது. 1969 இல் இலண்டன் றோயல் சங்கம் வெளிநாட்டு உறுப்பினராக்கியது. 1971 இல் அமெரிக்கப் புவிப்பௌதிகவியல் ஒன்றியத்தின் வில்லியம் போவி பதக்கம் கிடைத்தது. அதைப் பெற்ற முதற் பெண் அவரே.

அதே 1971 இல்தான் இன்னொன்றும் நடந்தது. உள் அகணி திண்மமாகவே இருக்கவேண்டும் என்று மற்றவர்கள் 1940களிலேயே வாதித்திருந்தாலும் உறுதியான சான்று இருக்கவில்லை. மிகப் பெரிய நடுக்கங்களின்பின் பூமி முழுவதும், அடித்த கோயில் மணிபோல, நாட்கணக்கில் மெல்ல அதிர்ந்துகொண்டிருக்கும். அந்த அதிர்வின் சுருதியை ஆராய்ந்த சீவோன்ஸ்கி, கில்பேர்ட் என்ற இருவர், நடுவில் இருப்பது திண்மம் என்று நிறுவினர். அப்போது அம்மையாருக்கு 83 வயது.

இந்த மணியடிப்பு எமக்கும் அந்நியமானதன்று. 2004 டிசெம்பர் 26 காலை சுமாத்திராவுக்கு அப்பால் நிகழ்ந்த நடுக்கத்தின் பி அலை நான்கு நிமிடத்துக்குள் கண்டியை அடைந்தது. பின்னால் வந்த மேற்பரப்பு அலைகளில் எமது தீவின் நிலம் ஏறக்குறைய 9 சென்ரிமீற்றர் ஏறி இறங்கியதைப் பல்லேகலைக் கருவி பதிந்திருக்கிறது. அசைவு அவ்வளவு மெதுவானது என்பதால் பெரும்பாலானோர் உணரவில்லை. கடல் கிழக்குக் கரைக்கு வந்தது ஏறக்குறைய இரண்டு மணித்தியாலங்களின் பின். செய்தி நிலத்தினூடாக எப்போதோ வந்துவிட்டது. அதை வாசித்து மக்களுக்குச் சொல்ல இந்து சமுத்திரத்துக்கு அன்று ஓர் எச்சரிக்கை ஏற்பாடு இருக்கவில்லை. முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோரை இழந்தோம். அன்று உலகெங்கும் பதிந்த அதிர்வுகளைக் கொண்டு உள் அகணியை இன்னமும் ஆராய்கிறார்கள்.

அம்மையார் அதற்குப் பதினோர் ஆண்டுகளுக்குமுன் மறைந்துவிட்டார். திருமணம் செய்யவில்லை. மலையேறுவதிலும் தோட்டத்திலும் ஓவியக்கூடங்களைப் பார்ப்பதிலும் அவருக்கு விருப்பம் அதிகம். கூச்ச சுபாவம், மேடை பிடிக்காது. தம் துறையின் பழைய நாட்களைப் பற்றிய கடைசிக் கட்டுரையை 1987 இல், 98 வயதில் வெளியிட்டார். 1993 பெப்ரவரி 21 ஆம் திகதி 104 வயதில் காலமானார். அமெரிக்கப் புவிப்பௌதிகவியல் ஒன்றியம் 1995 இல் அவருடைய பெயரில் ஒரு பதக்கத்தை ஏற்படுத்தியது.

கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடத்துக்கு முன்னே நீல்ஸ் போர் உட்பட ஆண் அறிஞர்களின் மார்பளவுச் சிலைகள் வரிசையாக நிற்கின்றன. 2017 இல் அந்த முன்றலில் லேமன் அம்மையாருக்கும் ஒரு நினைவுச்சின்னம் வைத்தார்கள்.